ஆகட்டுங்க அக்கா

எங்கள் கம்பெனியில் அவருக்கு ‘ஆகட்டுங்க அக்கா’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நேரே வெறும் அக்காதான். சம்பளச் சீட்டில் வேறொரு பெயர் இருந்தது. அதை இங்கே எழுதட்டுமா என்று கேட்டால் அவர் மறுக்கமாட்டார், “ஆகட்டும் கண்ணு” என்பார். அதனாலேயே எழுதவில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

கோயமுத்தூரில் கணபதிப் பக்கம் எங்கள் கம்பெனி. பம்புக்குள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளுகிற சக்கரம் இருக்கிறதே, இம்பெல்லர், அதை வார்த்துக் கடைந்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். நான் ஏற்றுமதிப் பிரிவு. வெள்ளைக்காரர்களுக்கு மெயில் எழுதுவது, சரக்கு தாமதமானால் போனில் சமாதானம் சொல்வது, மாலை வகுப்பில் படித்த ஜெர்மன் மொழியை வைத்துக்கொண்டு ஆபீஸ் முழுக்க அலட்டிக்கொள்வது, இவ்வளவுதான் என் வேலை. அக்கா இன்ஸ்பெக்‌ஷன். சூலூரிலிருந்து பஸ் பிடித்து, எனக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து உட்கார்ந்திருப்பார்.

அவர் மேஜையில் மூன்று சாமான்கள் எப்போதும் இருக்கும். ஒரு சின்னச் சுத்தியல், ஒரு டார்ச், ஒரு சிவப்புப் பெயின்ட் டப்பா. சக்கரத்தைக் கொக்கியில் தொங்கவிட்டு ஒரு தட்டுத் தட்டுவார், காதைச் சாய்ப்பார். சத்தம் கணீரென்று நீண்டு போனால் இந்தப் பக்கம். சொத்தென்று நின்றால் உள்ளே எங்கோ கீறல் என்று அர்த்தம். தூரிகையைத் தோய்த்து ஒரு சிவப்புக் கோடு. அது மறுபடி உலைக்குத்தான். முதலாளியே பக்கத்தில் வந்து நின்று, “ஏனுங்கக்கா, இது பரவால்லீங்களே, கண்ணுக்கே தெரியல” என்று குழைந்தாலும் கோடு கோடுதான்.

இரும்பிடம் இத்தனை கறாரான மனுஷி, ஆளிடம் ‘முடியாது’ என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. என்னை மட்டும் ‘கண்ணு’ என்பார்; மற்றபடி யாரைப் பார்த்தாலும் ‘ங்க’தான். கேட்டில் படுத்திருக்கும் நாயிடம்கூட “சித்தெ நகருங்க” என்பார். அது நகராது. அவர் சுற்றிக்கொண்டு வருவார்.

அவரிடம் இரண்டு வார்த்தைகள் இருந்தன. ‘சரிங்க’ என்றால் சரி, வேலை முடிந்த மாதிரி. ‘ஆ...கட்டுங்க’ என்று முதல் எழுத்தை இழுத்தாரென்றால் மனசில்லை, வேண்டாம், தயவுசெய்து விட்டுவிடுங்கள் என்று அர்த்தம். இது ஒன்றும் பரம ரகசியம் இல்லை. எங்கள் பக்கத்தில் பிறந்த யாருக்கும் தெரியும். முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொன்னால் மரியாதை கெட்டுவிடும் என்று கண்டுபிடித்து வைத்த வார்த்தை அது. சொல்கிறவருக்கும் சங்கடமில்லை, கேட்கிறவருக்கும் சங்கடமில்லை.

ஆனால் கேட்கிறவருக்கு மனச்சாட்சி இருக்கவேண்டும். எங்களுக்கு இல்லை. “அக்கா, ஞாயித்துக்கிழமை ஒரு அரை நாள் வந்துருங்க.” “ஆ...கட்டுங்க.” “அக்கா, புதுசா வந்த பிள்ளைக்கு நீங்களே சொல்லிக் குடுத்துருங்க.” “ஆ...கட்டுங்க.” சொன்னாரல்லவா, ஆகட்டும் என்று? எழுதிக்கொள், அக்கா வருகிறார். எங்களுக்கு வசதி அப்படி. அவரும் ஆமாம் என்று எடுத்துக்கொண்டவர்களைத் திருத்தத் தெரியாமல், ஞாயிற்றுக்கிழமை டிபன் டப்பாவோடு வந்து நிற்பார். அந்தப் பெயர் அப்படித்தான் வந்தது. வைத்ததில் எனக்கும் பங்கு உண்டு.

ஆஸ்திரியாவில் ஒரு வாடிக்கையாளர் இருக்கிறார். மலையில் பனி குறைந்துபோன வருஷங்களில், சறுக்கி விளையாட வருகிறவர்களுக்காக இயந்திரம் வைத்துப் பனி செய்கிறார்கள். தண்ணீரை மலை உச்சிவரை அழுத்தித் தள்ளி, பெரிய ஃபேன் மாதிரி ஒன்றில் பீய்ச்சினால் குளிரில் அது பனியாக விழுகிறது. அந்தப் பம்புக்குள்ளே சுற்றுவது எங்கள் சக்கரம். அனுப்பியதில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை என்று அவருக்கு ஆச்சரியம். சோதிக்கிற அம்மாவை நான் பார்க்கவேண்டும், ஒரு வாரம் விருந்தாளியாகக் கூட்டி வாருங்கள் என்று எழுதிவிட்டார். முதலாளி, அக்கா, மொழிபெயர்க்க நான். மூன்று பேரும் கிளம்பினோம்.

போகலாமா என்று முதலாளி கேட்டபோது அக்கா ‘சரிங்க’ என்றுதான் சொன்னார். இதை நான் அழுத்திச் சொல்லவேண்டும். அவருக்குப் போக ஆசை இருந்தது. ஒரே ஒரு ஆசை.

“கண்ணு, நம்ம சக்கரம் சுத்தறதைப் பாக்கோணும். இங்கிருந்து பொட்டியில போறதோட செரி. அங்க போயி என்ன பண்ணுதுன்னு நாம எங்க பார்த்தோம்?”

அந்த மலையூர் அவ்வளவு சின்னது. ஒரு தெரு, ஒரு சர்ச், மரவீடுகள், வீட்டுக்கு வீடு சுவரில் சாத்திவைத்த சறுக்குக் கட்டைகள். நான் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் போன் எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தேன். அக்கா குனிந்து ஒரு கை பனியை அள்ளினார். அள்ளி, உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடித்து, விரலைத் திறந்து பார்த்தார். ஃபவுண்டரியில் வார்ப்பு மணலின் ஈரத்தை அப்படித்தான் பார்ப்பார்கள். பிடித்தால் நிற்கவேண்டும், விரல் ரேகை பதியவேண்டும்.

“ஈரம் கணக்காத்தான் வெச்சிருக்காங்க” என்றார். அதை நான் மொழிபெயர்த்தபோது வாடிக்கையாளர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்று ராத்திரி சாப்பாட்டில் அக்கா தன் பருப்புப்பொடி டப்பாவைத் திறந்து அவருக்கும் ஒரு கரண்டி போட்டார். “நல்லெண்ணெ இல்லீங்க, வெறும் சோத்துல பெசஞ்சு சாப்புடுங்க” என்று தமிழிலேயே சொன்னார். அவரும் பிசைந்து சாப்பிட்டார்.

பம்பு ரூம் மலையில் பாதி உயரத்தில் இருக்கிறது, நாளை மறுநாள் வண்டியில் கூட்டிப்போகிறேன் என்று அவர் சொன்னார். அக்கா ‘சரிங்க’ என்றார். முகமெல்லாம் பல்.

மறுநாள் காலை முதலாளிக்கு மீட்டிங். எங்கள் இருவருக்கும் ஒரு நாள் சறுக்கப் பழகிக்கொடுக்க ஏற்பாடு. சிவப்புச் சட்டை போட்ட உயரமான ஆசிரியர் ஒருவர் வந்தார், ரொம்பப் பொறுமைசாலி. அக்காவுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக பேன்ட். அதற்குமேல் வீங்கிப்போன ஒரு கோட்டு, காலில் இரும்புப் பெட்டி மாதிரி பூட்ஸ். கண்ணாடி முன்னால் நின்று பார்த்துக்கொண்டு, “என்ற மக பார்த்தா இது யாரோ போலீஸுன்னு ஓடிப்போயிருவா” என்றார். கூந்தலில் கனகாம்பரம் வேறு. ஊரிலிருந்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தது. ஹெல்மெட்டுக்குக் கீழே அது தொங்கியது.

சமவெளியில் குழந்தைகள் பழகுகிற இடம் ஒன்று இருந்தது. அங்கேதான் அன்று காலை முழுக்க. பத்தடி சறுக்கி நிற்கவேண்டும், அவ்வளவே. நான் நாலு முறை விழுந்தேன். அக்கா விழவில்லை. முட்டியை மடக்கி, ஏதோ குடத்தை இடுப்பில் வைத்த மாதிரி நிதானமாகச் சறுக்கிக்கொண்டு போய் நின்றார். நின்ற இடத்திலேயே சிரிக்க ஆரம்பித்தார். எட்டு வருஷம் அவரோடு வேலை செய்திருந்தேன்; அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் கேட்டேன். அதன் பிறகு கேட்கவுமில்லை.

மத்தியானம் அந்த ஆசிரியர், “மேலே போகலாமா? சுலபமான பாதைதான்” என்று கேட்டார். ஒரு நிபந்தனை. ஒருத்தரைக் கீழே தனியாக விட்டுவிட்டு அவர் வரக்கூடாதாம். போனால் இருவரும் போகவேண்டும், இல்லையென்றால் இருவரும் இங்கேயே.

அக்காவிடம் சொன்னேன். அவர் மலையை அண்ணாந்து பார்த்தார். கம்பியில் நாற்காலிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டு மேகத்துக்குள் போய்க்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ஆ...கட்டும் கண்ணு.”

தலையும் எங்கள் ஊர்த் தலையாட்டல் ஆடியது. மேலும் கீழும் இல்லை, இடமும் வலமும் இல்லை. ஆசிரியருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைப் பார்த்து, “என்ன சொல்கிறார்?” என்றார்.

எனக்கு மேலே போகவேண்டும். இவ்வளவு தூரம் வந்துவிட்டு மூக்கொழுகும் மூன்று வயசுக் குழந்தைகளோடு சமவெளியில் தடவிக்கொண்டிருப்பதா? உச்சியில் நின்று ஒரு போட்டோ எடுக்கவேண்டும், உடுமலையில் இருக்கிற சொந்தக்காரர்கள் எல்லோரும் வயிறெரியவேண்டும். இதுதான் காரணம். வேறு பெரிய காரணம் ஒன்றும் கிடையாது.

“யா” என்றேன். ஜெர்மனில் ‘ஆமாம்’ என்பதற்கு அந்த ஒரு எழுத்துப் போதும். இரண்டு வருஷம் மாலை வகுப்புக்குப் போனேன், அன்று ஒரு எழுத்துத்தான் செலவானது.

நாற்காலியில் ஏறும்போதே அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். கையுறைக்கு மேலேயும் பிடி வலித்தது. கண்ணை மூடிக்கொண்டார். “பழனி ரோப் காராட்டத்தான் கண்ணு, ஒண்ணுமில்ல” என்று எனக்குத் தைரியம் சொல்கிற மாதிரி தனக்குச் சொல்லிக்கொண்டார். பாதி வழியில், “மேல போயிட்டு, எறங்கறதுக்கு வேற வழி ஏதாச்சும் இருக்குதா கண்ணு?” என்று கேட்டார்.

“இருக்குதுங்கக்கா” என்றேன். நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதே நாற்காலியில் திரும்ப உட்காரவைத்து இறக்கிவிட்டிருப்பார்கள் என்று பிறகு தெரிந்தது.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. நான் போட்டோ எடுத்துக்கொண்டேன். நல்லாத்தான் வந்தது. அப்புறம் ஆசிரியர் முன்னால் போக, அக்கா நடுவில், நான் பின்னால். நாலைந்து வளைவுவரைக்கும் வந்துவிட்டார். அடுத்த வளைவில் அவர் காலில் மாட்டியிருந்த சறுக்குக் கட்டை ஒன்று பனிக்குள் சொருகிக்கொண்டது. உடம்பு ஒரு பக்கம் போனது, முழங்கால் அதே இடத்தில் நின்றுவிட்டது. ‘அம்மா’ என்றுகூடக் கத்தவில்லை. பனியில் மல்லாந்து கிடந்துகொண்டு, ஓடிவந்த ஆசிரியரிடம், “உங்களுக்குச் செரமம் குடுத்துப்போட்டனுங்க” என்றார்.

ஸ்லெட்ஜ் என்கிற பனிச்சறுக்கு வண்டியில் கட்டிக் கீழே இழுத்துப்போனார்கள். இழுத்த இரண்டு பையன்களிடமும் வழியெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனார். கனகாம்பரம் எங்கோ விழுந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். வயது, மருந்து, ஒவ்வாமை. கடைசியில் இன்சூரன்ஸுக்காக ஒரு கேள்வி: மேலே போவதற்குத் தாமாகச் சம்மதித்தாரா?

அதையும் தமிழில் சொன்னேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார். வலியில் உதடு வெளுத்திருந்தது. அவருக்கு எல்லாம் தெரியும் என்று எனக்கு அந்த நிமிஷம் தெரிந்தது.

“சரிங்கன்னு எழுதச் சொல்லு கண்ணு” என்றார்.

ஆகட்டும் இல்லை. சரிங்க.

மறுநாள் நானும் முதலாளியும் பம்பு ரூமைப் போய்ப் பார்த்தோம். அக்கா ஹோட்டலில் காலைத் தூக்கிவைத்துக்கொண்டு படுத்திருந்தார். நான் போட்டோ எடுத்துவந்து காட்டினேன். அவர் திரையை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பம்பின் வெளிக்கூடுதான் தெரிந்தது. “உள்ள சுத்துது, இல்ல?” என்றார். சுற்றுகிறது என்றேன்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் கேவலமாக இருக்கிறது. ஊர் திரும்பியதும் அந்த விடுமுறை எங்கள் கம்பெனியின் பெரிய சிரிப்புக் கதை ஆகிவிட்டது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பொரியும் சுண்டலும் தந்து முடிந்ததும் யாராவது ஆரம்பிப்பார்கள், “அந்த ஆல்ப்ஸ் கதையைச் சொல்லுங்க” என்று. சொல்வது யார்? நான்தான். ஆசிரியர் கேட்டது அக்காவுக்குப் புரியவில்லை, டீ சாப்பிடலாமா என்று கேட்கிறார் போல என்று நினைத்து ஆகட்டும் என்று சொல்லிவிட்டார், பார்த்தால் உச்சியில் இருக்கிறார்! இப்படி ஒரு கதை. முழுப் பொய். அக்கா மாதிரி நடந்து காட்டுவேன், கண்ணை உருட்டுவேன். மெஷின் ஷாப் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். அக்காவும் பொரித் தட்டை வைத்துக்கொண்டு ஓரமாக நின்று சிரிப்பார். சத்தம் வராத சிரிப்பு.

வருஷா வருஷம் கதையில் ஒரு வரி கூடியது. அவர் முழங்காலும் வருஷா வருஷம் மோசமானது. அப்போதே ஆபரேஷன் செய்திருக்கவேண்டும். மூன்று மாசம் லீவு வேண்டும். “இந்த ஆர்டர் முடியட்டுங்கக்கா” என்பார் முதலாளி. “ஆ...கட்டுங்க சார்.” அந்த ஆர்டர் முடிந்தால் அடுத்த ஆர்டர். கடைசியில் முழங்கால் மூட்டையே மாற்றவேண்டும், இனித் தள்ளிப்போடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா ஒரு காலை இழுத்துக்கொண்டு இன்ஸ்பெக்‌ஷன் மேஜைக்கு நடப்பார். நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மெயில் எழுதிக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் நல்ல மழை. சூலூர் பஸ் வரவில்லை. ஸ்டாப்பில் நாங்கள் இருவரும்தான். நின்றால் கால் வலிக்கும் என்று அவர் கம்பத்தில் சாய்ந்திருந்தார். எனக்கு என்ன தோன்றியதோ, வருஷக்கணக்காக மனசில் கிடந்ததைக் கேட்டேவிட்டேன். அதையும் நேராகக் கேட்கத் துப்பில்லை. பழியை அவர் பக்கமே திருப்பிக் கேட்டேன்.

“ஏனுங்கக்கா, அன்னைக்கு மலைமேல போறப்ப வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுல்லங்க?”

“சொன்னேனே கண்ணு” என்றார்.

மழைச் சத்தம். பஸ் வருகிறதா என்று பார்க்கிற மாதிரி ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“உனக்குக் கேக்கலையாட்ட இருக்குது” என்றார். கோபமே இல்லை. எனக்கு ஒரு சாக்குக் கொடுக்கிற மாதிரி, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.

பிறகு அவராகவே பேசினார். “எங்கம்மா தோட்ட வேலைக்குப் போவாங்க கண்ணு. தோட்டத்துக்காரர் ஊட்டு வாசல்ல நின்னுட்டு முடியாதுன்னு சொல்ல முடியுமா? ஆகட்டுங்கன்னு சொல்லிப்போட்டு வந்துருவாங்க. மறுநாள் போகமாட்டாங்க. அவங்களுக்கு அது போதுமா இருந்துச்சு. நமக்கு அப்படி ஆகுதா? இங்க விரலை வெச்சு அமுத்தற மெஷின் இருக்குது. வரலீன்னா காட்டிக் குடுத்துரும்.”

பஸ் வந்தது. “வாரேன் கண்ணு” என்று ஏறிப்போனார்.

அப்படிப்பட்ட தோட்டத்துக்காரர் வீட்டு வாசல் எனக்குத் தெரியும். அதற்கு உட்பக்கத்தில் வளர்ந்தவள் நான். உடுமலைக்குப் பக்கத்தில் எங்களுக்குத் தென்னந்தோப்பு. சாயந்திரம் அப்பா வாசலில் நின்று, வெளியே நிற்கிற பெண்களிடம், “நாளைக்குக் காய் பொறுக்க வந்துருங்க, என்ன?” என்பார். அவர்கள் “ஆ...கட்டுங்க” என்பார்கள். மறுநாள் ஒருத்தரும் வரமாட்டார்கள். அப்பா குதிப்பார், “ஆகட்டும்னு சொல்லிப்போட்டுப் போனாங்களே!” என்று. எனக்கு ஏழோ எட்டோ வயசு. “அப்பா, ஆகட்டும்னா வரமாட்டாங்கன்னு அர்த்தம்” என்று சொன்னேன். வீடே சிரித்தது. என் அம்மணிக்கு எத்தனை புத்தி என்று அப்பா தூக்கிக் கொஞ்சினார். புரிந்துகொள்ளத் தெரியாமல் நான் அந்த மலையில் தவறு செய்யவில்லை. எனக்கு ஜெர்மன் வருவதற்கு இருபது வருஷம் முன்பே அந்த வார்த்தை தெரியும்.

போன மாசி மாசம் அக்காவுக்கு ரிட்டயர்மென்ட். அதற்கு ஒரு வாரம் முன்பு கேன்டீனில் என்னிடம் மெதுவாகச் சொன்னார். டாக்டரிடம் நாள் வாங்கிவிட்டாராம். மகள் வந்து கூட இருப்பாளாம். “காலைச் செரி பண்ணிப்போட்டு, ஒரு வருசத்துக்கு யாருக்கும் ஒரு வாய் காப்பி வெச்சுக் குடுக்காம உக்காந்திருக்கோணும் கண்ணு. யாராச்சும் வந்தா எந்திரிச்சு நிக்கோணுமில்ல, அதுகூட வேண்டாம்னு இருக்குது.” பம்பு ரூமைப் பார்க்கிற ஆசைக்குப் பிறகு, இப்படி ஒரு ஆசையை அவர் சொல்லி அப்போதுதான் கேட்டேன்.

கேன்டீனிலேயே விழா. ஜாங்கிரி, மிக்சர், காப்பி. முதலாளி சால்வை போர்த்தினார், தாம்பாளத்தில் பட்டுப்புடவை. மைக்கைப் பிடித்து அவர் நன்றாகத்தான் பேசினார், கண்கூடக் கலங்கியது. கலங்கிக்கொண்டே, “அக்காவை அவ்வளவு சீக்கிரம் விட்டுருவமுங்களா? புது ஆர்டர் வந்திருக்குது. இன்னும் ரெண்டே ரெண்டு வருஷம் நம்மகூட இருப்பாங்க. என்னங்கக்கா?” என்று மைக்கை நீட்டினார்.

சால்வைக்குள்ளே அக்கா சின்னதாகத் தெரிந்தார். கை முழங்காலைப் பிடித்திருந்தது.

“ஆ...கட்டுங்க சார்.”

கைதட்டல். பின்வரிசையில் யாரோ, “ஆகட்டும்னு சொல்லிட்டாங்கல்ல, ஆல்ப்ஸே ஏறுவாங்க!” என்று கத்தினான். ஒரே சிரிப்பு. “கதை, கதை!” என்று மேஜையைத் தட்டினார்கள். முதலாளியும் சிரித்துக்கொண்டே மைக்கை என் கையில் திணித்தார். “கடைசித் தடவையா ஒருக்கா நடிச்சுக் காட்டிரு.”

எழுந்து நின்றேன். எதிரே அக்கா. வழக்கம்போல் சிரிக்கத் தயாராக உதட்டை வைத்துக்கொண்டிருந்தார், எனக்குச் சங்கடம் வரக்கூடாதென்று.

“சார், அக்கா வரலைன்னு சொல்றாங்க” என்றேன்.

முதலாளிக்குப் புரியவில்லை. “யாரு? இப்பத்தானே ஆகட்டும்னாங்க.”

“ஆமாங்க சார். ஆகட்டும்னா முடியாதுன்னு அர்த்தம். உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இங்க உக்காந்திருக்கற அத்தனை பேருக்கும் தெரியும். அன்னைக்கு மலையில வெச்சும் அக்கா இதைத்தான் சொன்னாங்க. டீன்னு நெனைக்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல. வேண்டாம்னு சொன்னாங்க. எனக்கு மேல போக ஆசையா இருந்துச்சு, நான் மாத்திச் சொல்லிட்டேன். அந்தக் கால் என்னாலதான் போச்சு.”

தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பது இத்தனை கஷ்டம் என்று நான் நினைக்கவில்லை.   முதலாளி முகம் கறுத்துவிட்டது. நாளைக்கு எனக்கு வேலை இருக்குமா என்றுகூட ஒரு கணம் ஓடியது.

“அவங்க வாயால சொல்லட்டும்” என்றார்.

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார். ஒரு சக்கரத்தைத் தட்டிவிட்டு, சத்தம் எதுவரை போகிறது என்று காதைச் சாய்ப்பாரே, அந்த மாதிரிக் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

“கண்ணு சொல்றது சரிதானுங்க சார்” என்றார். “எனக்கு முடியாதுங்க.”

முடியாது என்பதற்குக்கூட ஒரு ‘ங்க’ போட்டார். முதலாளி நல்ல மனுஷர்தான். “ஆகட்டுங்கக்கா” என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்து, “இல்லீங்க, சரிங்க, சரிங்க” என்று திருத்திக்கொண்டார். அதற்குமட்டும் எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். கொஞ்சம் சத்தம் வந்தது என்று நினைக்கிறேன். எனக்கு அப்போது காது சரியாக இல்லை, அழுதுகொண்டிருந்தேன்.

சாயந்திரம் கேட் வரைக்கும் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். மகள் ஆட்டோவோடு நின்றிருந்தாள். நாய் வழியில் படுத்திருந்தது. “நகருங்க” என்றார், அது வழக்கம்போல் நகரவில்லை. ஆட்டோவில் அவரை ஏற்றி, காலை நீட்டி வைத்துக்கொடுத்தேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக, எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்கிற மாதிரி, “ஆபரேஷன் முடிஞ்சதும் ஊட்டுக்கு வந்து பார்க்கறனுங்கக்கா” என்றேன்.

அவர் என் கையைப் பிடித்தார். அந்த நாற்காலியில் பிடித்த அதே கை. இந்த முறை மெதுவாகத்தான் பிடித்தார்.

“ஆ...கட்டும் கண்ணு” என்றார்.

ஆட்டோ போய்விட்டது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம், இப்போது குச்சி இல்லாமல் நடக்கிறாராம்; மகள் சொன்னாள். சூலூர் இங்கிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. நான் போகவில்லை.